ஆச்சிக்கும் ஆறு வயதுக்கும் சேர்த்து ஓர் அருவி: நெல்லைப் பக்கம் எது தோதுப்படும்?

பாளையங்கோட்டைக்காரி
ஜனவரி 5, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் இப்படிக் கேட்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மாமியாருக்கு 64, வலது முழங்காலில் தேய்மானம். இவர்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு ஓர் அருவிக்கு நடந்து போக வேண்டும். நடந்து என்பதுதான் முக்கியம். என் பிள்ளைகளுக்குத் தெரிந்த அருவிகள் எல்லாம் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கொட்டுகின்றன. இறங்கினோம், வரிசையில் நின்றோம், நனைந்தோம், பஜ்ஜி தின்றோம், ஏறினோம். போன முறை மகன், "அம்மா, இந்தத் தண்ணீரை யார் திறந்துவிடுகிறார்கள்?" என்று கேட்டான். பெரிய குழாய் என்று நினைத்திருக்கிறான்.

அரை மணி, முக்கால் மணி நடந்தால் போதும். பொங்கல் கழிந்து போகலாம் என்று எண்ணம். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். எங்கே போகலாம்?

கணக்கப்பிள்ளை
ஜனவரி 5, இரவு 10.15

குற்றாலம் இருக்கும்போது இந்தக் கேள்வி எதற்கு என்று புரியவில்லை. ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தால் போய்க் குளித்துவிட்டு வாருங்கள். முழங்கால் தேய்ந்த அம்மாவை மலையேற்றிப் பார்ப்பதில் என்ன புண்ணியம்? அருவி சாலையோரம் வந்து விழுவது நம் பாக்கியம். அதைக் குறை என்கிறீர்கள்.

இரட்டைவால்
ஜனவரி 5, இரவு 10.32

தை மாதத்தில் குற்றாலத்தை நம்பிக் குடும்பத்தோடு போகாதீர்கள். ஆனியும் ஆடியும்தான் அதன் காலம். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பெய்திருந்தால் தையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இல்லையென்றால் பாறையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நடக்க வேண்டும் என்றால் பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவி இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் காட்டுவழி. ஆனால் நினைத்த நாளில் வனத்துறை மேலே விடாது. சித்ரா பௌர்ணமியை ஒட்டிக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வழி கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உடுமலையான்
ஜனவரி 6, காலை 6.50

தூரம் பரவாயில்லை என்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள். திருமூர்த்திமலை அமணலிங்கேஸ்வரர் கோயிலிலிருந்து பஞ்சலிங்க அருவிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நீங்கள் கேட்கிற நடைக்கு அளந்து வைத்தது போல இருக்கும். நிழல் உண்டு, ஏற்றம் மிதமானது, சின்னப் பிள்ளைகள் அலுக்காமல் ஏறிவிடுவார்கள். கீழே அணைக்கட்டு இருக்கிறது, வெயில் தாழ்ந்ததும் அங்கே உட்காரலாம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 2008-ல் அங்கே திடீர் வெள்ளம் வந்து உயிர்ச்சேதம் நடந்தது. அதன்பிறகு மேலே மழை என்றால் அருவிக்கு விடுவதில்லை. சில நாட்களில் கோயிலையே தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். ஆகவே வருவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி
ஜனவரி 6, காலை 8.05

உடுமலையான் அண்ணா, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் அவ்வளவு தூரம் போய்வந்தால் அருவியை விடப் பேருந்து ஜன்னல்தான் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும். கோடை விடுமுறைக்கு எழுதி வைத்துக்கொள்கிறேன்.

விகேபுரத்தான்
ஜனவரி 6, மதியம் 1.20

தங்கச்சி, கண்ணாடியைத் தலையில் செருகிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற கதையாக இருக்கிறது. பாபநாசம் போங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். பேருந்து என்றால் பாபநாசம் வரை நேரே வரும். ரயில் ஆசை பிள்ளைகளுக்கு இருந்தால் செங்கோட்டை ரயிலில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கிக்கொள்ளுங்கள், தாமிரபரணி கூடவே வருவதும் மறைவதுமாக விளையாட்டுக் காட்டும். பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-ல் அறிவித்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். உள்ளே கொஞ்ச தூரத்தில் அகஸ்தியர் அருவி.

"அது வண்டி போகிற அருவிதானே" என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அருவிக்குப் பக்கம் வரை வண்டி போகும். ஆனால் முக்கால்வாசிப் பேர் அங்கேயே குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே மேலே ஏறுகிற படிகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அந்தப் படிகள்தான் நீங்கள் கேட்ட நடை. மேலே கல்யாண தீர்த்தம். அகத்தியருக்குச் சிவன் பார்வதி திருமணக் காட்சி கிடைத்த இடம் என்பது ஐதீகம். கோடிலிங்கேஸ்வரர் கோயில் இருக்கிறது, லோபாமுத்திரைக்கும் சன்னதி உண்டு. பாறைகளுக்கு நடுவில் ஆறு அகன்று கிடக்கும். கீழே நீங்கள் பார்த்த அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். நம் நடைக்குக் கால் மணி. ஆச்சியின் நடைக்கு அரை மணி. ஏறும்போது முழங்கால் பேசாது, இறங்கும்போதுதான் பேசும். அதற்குத் தக்கபடி பலத்தை மிச்சம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் மகன் கேட்டதில் தப்பே இல்லை. இந்த அருவிக்கு மேலே உண்மையாகவே ஒருவர் தண்ணீர் திறந்துவிடுகிறார். காரையாற்றில் அணை, சேர்வலாறில் அணை, மின் உற்பத்தி நிலையம் என்று வரிசையாக இருக்கின்றன. தினசரியில் "பாபநாசம் அணை, கொள்ளளவு 143 அடி" என்று வருமே, அது இந்தக் காரையாற்று அணைதான். மற்ற அருவிகள் மழையைப் பார்த்து விழும். இது மழையோடு சேர்த்து அணையையும் பார்க்கும். அதனால்தான் வருடம் முழுக்க வற்றுவதில்லை. அதனாலேயே, வானம் வெளுத்திருக்கிற நாளிலும் தண்ணீர் கூடலாம்.

பாளையங்கோட்டைக்காரி
ஜனவரி 6, மாலை 6.45

அண்ணாச்சி, மகனிடம் படித்துக் காட்டினேன். "நான் சொன்னேன் இல்லையா" என்று தங்கையைப் பார்த்து ஒரு பார்வை. இனி இரண்டு நாளைக்கு வீட்டில் குடியிருக்க முடியாது.

சில சந்தேகங்கள். குரங்குத் தொல்லை எப்படி? சாப்பாடு கொண்டுபோகலாமா? கல்யாண தீர்த்தத்தில் பிள்ளைகள் கால் நனைக்கலாமா?

விகேபுரத்தான்
ஜனவரி 6, இரவு 8.10

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில். கூடாது. குளிக்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது. அங்கே பாறை திடீரென்று முடிந்து ஆழம் தொடங்கும், மேற்பரப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளியல் எல்லாம் கீழே அருவியில், கம்பி கட்டிய இடத்தில் மட்டும். மேலே பார்ப்பதோடு சரி.

குரங்குகள் உண்டு. அவற்றுக்குப் பாலிதீன் பை சரசரத்தால் போதும், சாப்பாட்டு மணி அடித்த மாதிரி. பிளாஸ்டிக்கைச் சாவடியிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள், எண்ணெய், ஷாம்பு, சோப்புக்கும் அதே கதிதான். எலுமிச்சைச் சாதத்தையோ புளியோதரையையோ எவர்சில்வர் தூக்கில் வைத்து, துணிப்பையில் போட்டு வாய் கட்டிவிடுங்கள். சாப்பிடுவதை மட்டும் கீழே பாபநாசம் கோயில் படித்துறைப் பக்கம் வந்து வைத்துக்கொள்ளுங்கள். படித்துறையில் கூட்டம் கூட்டமாக மீன்கள், பொரி போட்டால் தண்ணீரே கொதிப்பது போல இருக்கும். சின்னவளுக்கு அருவியை விட அதுதான் பிடிக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

கணக்கப்பிள்ளை
ஜனவரி 6, இரவு 8.55

கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோமீட்டர் போய், படியேறி, மூச்சு வாங்கி, தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். தொடக்கூடாதாம். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல இருக்கிறது. அருவி என்றால் தலை கொடுக்க வேண்டும் ஐயா. முதுகில் விழுகிற அடியில் ஒரு வருட அலுப்புப் போக வேண்டும். பார்த்து ரசிக்கிற பழக்கமெல்லாம் நமக்கு எப்போது வந்தது?

மலைஅணில்
ஜனவரி 6, இரவு 9.20

கணக்கப்பிள்ளை ஐயா, பந்தி கீழே அருவியில் இருக்கிறதே. மேலே போவது சமையற்கட்டை எட்டிப் பார்ப்பதற்கு. எனக்கெல்லாம் சின்ன வயதில் பந்தியை விட அதுதான் பிடிக்கும்.

இரட்டைவால்
ஜனவரி 7, காலை 7.30

எல்லோரும் தூரத்தையும் படியையுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். குடும்பத்தோடு போகத் தோதான நடையா என்பதை நான் அதை வைத்து முடிவு செய்வதில்லை. நடைபாதையில் பிள்ளை விழுந்தால் முட்டி சிராயும், அவ்வளவுதான். ஆபத்து நடை முடிகிற இடத்தில் இருக்கிறது. தண்ணீர் எப்படிப்பட்டது, கரை எப்படிப்பட்டது, அங்கே போய்ச் சேர்ந்ததும் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? இதைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பெரியவர்கள் படம் எடுப்பார்கள்.

சொந்தக் கதை ஒன்று. நான்கு வருடம் முன்பு ஓர் அருவிக்குப் போனோம், ஊர் பெயர் வேண்டாம். ஐந்நூறு அடி நடை கூட இல்லை. அக்காள் மகனுக்கு அப்போது ஏழு வயது. எல்லோரும் கொட்டுகிற தண்ணீருக்குப் பயந்து அவனைத் தள்ளியே நிறுத்தியிருந்தோம். அவன் நின்ற இடத்தில் தண்ணீர் கசிவு மாதிரிதான் வழிந்தது, கட்டைவிரல் நனையாது. அங்கேதான் வழுக்கினான். இரண்டு பாறை தள்ளிப் போய் விழுந்தான், கீழ் உதட்டில் மூன்று தையல். நல்லவேளை, மறுபக்கம் சரியவில்லை.

பிறகுதான் யோசித்தேன். வேகமாக ஓடுகிற இடத்தில் தண்ணீரே பாறையைத் தேய்த்துவிடும், பாசி நிற்காது. சாரல் தெறித்து எப்போதும் ஈரமாக இருக்கிற ஓரத்தில்தான் அது மெத்தை மாதிரிப் படியும். நாம் பிள்ளைகளை "பத்திரமாக" நிறுத்துகிற இடம் எப்போதும் அந்த ஓரம்தான். பாறை கரும்பச்சையாக மினுங்கினால் அங்கே கால் வைக்காதீர்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், குதிகாலில் பட்டை வைத்த செருப்புப் போடுங்கள். கையைப் பிடிப்பதானால் விரல்களைப் பிடிக்காதீர்கள், ஈரத்தில் உருவிக்கொள்ளும். மணிக்கட்டைப் பிடியுங்கள்.

ஏட்டுச்சுவடி
ஜனவரி 7, காலை 10.05

கல்யாண தீர்த்தம் என்ற பெயர் வந்துவிட்டது. அங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த இழையைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் போகிற வழியில்தான் சேரன்மகாதேவி. வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்திய ஊர். லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், பத்து வருடம் புதுச்சேரியில் அடைக்கலமாகக் காலம் கழித்தவர், தமிழ்ச் சிறுகதையின் தொடக்கப் பெயர்களில் ஒருவர். குருகுலத்தில் சாதி பார்த்துப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சோறு போட்ட விவகாரம் தமிழ்நாடு முழுக்கப் புகைந்து, அந்தச் சூடு ஆறாமல் இருந்த சமயம். 1925 ஜூன் மாதம் அவர் தம் மகள் சுபத்திராவோடு பாபநாசம் மலைக்குப் போனார். கல்யாண தீர்த்தத்தில் சுபத்திரா நீரோட்டத்தைத் தாண்டப் போய் உள்ளே விழுந்தாள். மகளைக் காப்பாற்ற அவரும் குதித்தார். இருவருமே திரும்பவில்லை. அவருக்கு அப்போது 44 வயது.

அவருடைய அரசியலைப் பற்றி ஆயிரம் பேசலாம், பேசியும் இருக்கிறோம். இங்கே அவர் ஒரு தகப்பன். விகேபுரத்தான் "கால் நனைக்கவும் கூடாது" என்று சொன்னது உள்ளூர்க்காரரின் மிகையான பயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதினேன்.

பாளையங்கோட்டைக்காரி
ஜனவரி 7, பகல் 12.40

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போது போகலாமா வேண்டாமா என்றே யோசனையாக இருக்கிறது.

கணக்கப்பிள்ளை
ஜனவரி 7, பகல் 1.05

வேண்டாம். இதற்கு மேல் என்ன சகுனம் வேண்டும்? ஐந்தருவியை நான் சும்மா சொல்லவில்லை.

இரட்டைவால்
ஜனவரி 7, பகல் 1.30

ஐந்தருவி, பழைய குற்றாலம் என்றால் ஆபத்து இல்லையா ஐயா? 2024 மே 17 மறந்துவிட்டதா? பழைய குற்றாலத்தில் கம்பி, படிக்கட்டு, கடைகள் எல்லாம் இருந்தன. சாலையோர அருவிதான். குளித்துக்கொண்டிருந்தபோதே வெள்ளம் இறங்கி 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே காட்டில் பெய்தது கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

விகேபுரத்தான்
ஜனவரி 7, மாலை 5.50

தங்கச்சி, போங்கள். என் அப்பா என்னைக் கூட்டிப்போனார், நான் என் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன், இப்போது பேத்தி நச்சரிக்கிறாள். ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன கதையை எனக்கு அந்தப் பாறையில் உட்காரவைத்துத்தான் அப்பா சொன்னார். அதற்குப் பிறகு யாரும் என்னை "தண்ணீர் பக்கம் போகாதே" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் முதலில் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றுகொண்டு யாரும் தண்ணீரைப் பார்க்கக் கூடாது. உட்கார்ந்தவன் வழுக்குவதில்லை. படம் எடுப்பதானால் ஒருவர் எடுக்கட்டும், மற்றவர்கள் அந்த நேரத்தில் பிள்ளைகளை மட்டும் பார்க்கட்டும்.

தண்ணீரை வாசிக்கவும் கற்றுக்கொடுங்கள். தெளிந்து வந்த தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், இரைச்சல் திடீரென்று கனத்தால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். துணி போனால் வாங்கிக்கொள்ளலாம். மேற்கே பொதிகைப் பக்கம் இருண்டிருந்தால் அன்றைக்குச் சாவடியைத் தாண்டவே வேண்டாம், மீனுக்குப் பொரி போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். அணையில் உபரி நீர் திறந்தாலும் அருவியை மூடிவிடுவார்கள், சில சமயம் புலிக் கணக்கெடுப்புக்கும் மூடுவார்கள். முந்தின நாள் விசாரியுங்கள். காணும் பொங்கல் அன்று மட்டும் வந்துவிடாதீர்கள், தலைகளைத்தான் பார்ப்பீர்கள். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊர்க்காரர்களே அந்தப் பக்கம் போக யோசிப்பார்கள், காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வருகிற கூட்டம் அப்படி.

மலைஅணில்
ஜனவரி 7, இரவு 9.00

பயமுறுத்தியது போதும், நான் வேறு பக்கம் வருகிறேன். போகிற வழியில் பிள்ளைகளுக்குக் காட்ட நிறைய இருக்கிறது. ஆற்றங்கரையில் பட்டை உரிந்து சாம்பல் வெளுப்பாக நிற்கிற பெரிய மரம் நீர்மருது. தாமிரபரணிக் கரை முழுக்க அதன் ராஜ்ஜியம்தான். ஒரு முறை காட்டிவிட்டால் பிறகு அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாட்டுக்குரங்கைத் தேட வேண்டியதில்லை, அதுவே வரும். அதிர்ஷ்டம் இருந்தால் கருமந்தி தெரியும், உடம்பு கறுப்பு, தலை மட்டும் செம்பட்டை, மனிதர்களைக் கண்டால் கிளைக்கு உள்ளே போய்விடும். மலை அணிலும் உண்டு, வாலையும் சேர்த்தால் உங்கள் மகளின் உயரத்துக்கு வந்துவிடும். (அந்தப் பெயரை நான் சும்மா வைத்துக்கொள்ளவில்லை.)

சின்னவள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கத் தொடங்கினால் படிகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு அதைவிட நல்ல ஊன்றுகோல் கிடையாது. மழைக்குப் பிந்தின காலம் என்பதால் புல்லில் அட்டை இருக்கலாம், பாதையை விட்டு இறங்காவிட்டால் பிரச்சினை இல்லை.

உடுமலையான்
ஜனவரி 8, காலை 6.40

இவ்வளவும் படித்தபிறகு எனக்கே பாபநாசம் வரத் தோன்றுகிறது. திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்கலாம்தானே?

விகேபுரத்தான்
ஜனவரி 8, காலை 7.15

வாங்காமல் போனால் எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததாகவே கணக்கில் சேர்க்க மாட்டோம்.

பாளையங்கோட்டைக்காரி
ஜனவரி 25, மாலை 4.30

போய்வந்துவிட்டோம். நேற்று, சனிக்கிழமை. விரிவாகவே எழுதுகிறேன், கேட்டவள் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

முந்தின நாள் விசாரித்தோம், அருவி திறந்திருக்கிறது என்றார்கள். வாடகை வண்டி பேசி ஆறரைக்குக் கிளம்பினோம். சேரன்மகாதேவி வந்ததும் பிள்ளைகளிடம் ஐயர் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு மேலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாவடியில் பையைத் திறந்து பார்த்தார்கள். நான் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன் என்று நிமிர்ந்து நிற்கிறேன், என் கணவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஷாம்பு பொட்டலம் வருகிறது. சோதித்தவர் சிரித்துக்கொண்டே வாங்கிவைத்துக்கொண்டார். அத்தை சிரிக்கவில்லை.

அருவியில் கூட்டம் குறைவு. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறி அலறிக் குளித்தார்கள். கணக்கப்பிள்ளை ஐயா, நானும் தலை கொடுத்தேன். நீங்கள் சொன்ன அலுப்பு போனது உண்மை. அடுத்த வருடத்து அலுப்பும் கொஞ்சம் போயிருக்கிறது.

பிறகு படிகள். அத்தையைக் கீழேயே உட்காரவைத்து, அவரோடு நான் இருந்துகொள்வது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தோம். அவர் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்குக் கல்யாண தீர்த்தத்துக்கு வழி சொல்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார். அவர் பிறந்த ஊர் அதுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சின்ன வயதில் அவர் இந்தப் படிகளில் ஓடியிருப்பார் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நான்கு இடத்தில் நின்றார். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதை. சிறுவீட்டுப் பொங்கல் அன்று மார்கழிப் பூ வைத்த எருத்தட்டுகளை ஆற்றில் விட்டது, ஒருமுறை பொங்கல் சோற்றோடு பானையையும் விட்டுவிட்டு அடி வாங்கியது. மகள் "அப்புறம் ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் என் கணவர்.

மலைஅணில் சொன்னபடி படி எண்ணும் வேலையை மகளிடம் கொடுத்தேன். எண்பது வரை ஒழுங்காக வந்தாள். ஒரு குரங்கு குறுக்கே வந்தது, எண் மறந்துவிட்டது. மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினாள், அதுவும் கதையில் கரைந்தது. கருமந்தி தெரியவில்லை. நீர்மருதை மகன் ஏழு இடத்தில் கண்டுபிடித்தான், அதில் இரண்டு நீர்மருது இல்லை என்று நினைக்கிறேன்.

மேலே போனதும் எல்லோரும் உட்கார்ந்தோம். விகேபுரத்து அண்ணாச்சி வீட்டு வழக்கம் இப்போது எங்கள் வீட்டு வழக்கம். தண்ணீர் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கரும்பச்சை நிறம், அசைகிறதா என்பதே தெரியவில்லை. கீழே அந்த இரைச்சலோடு விழுந்த தண்ணீர் இதுதானா என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டான். ஒரு சருகைப் போட்டுக் காட்டச் சொன்னான். எட்டிப் போட வேண்டாம் என்று காற்றில் விட்டோம். விழுந்தது, கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது, பிறகு மெதுவாக நகரத் தொடங்கி, பாறை இடுக்குக்குப் பக்கத்தில் போனதும் யாரோ வெடுக்கென்று இழுத்தது போல மறைந்துவிட்டது.

அப்போதுதான் ஐயர் கதையைச் சொன்னேன். சுருக்கமாக, பெயர்களோடு. மகன் ஒன்றும் பேசவில்லை. மகள் மட்டும், "அந்த அக்காவுக்கு நீச்சல் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். எழுந்து வந்து அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரட்டைவால் அண்ணா சொன்ன மாதிரியே, விரலை அல்ல.

இறங்கும்போது அத்தையின் முழங்கால் பேசியது, நன்றாகவே பேசியது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மகனுமாக ஒவ்வொரு படியாக இறக்கினோம். ஏறியதை விட இரண்டு பங்கு நேரம். இன்று காலையில் கால் வீங்கியிருக்கிறது, தைலம் தேய்த்துவிட்டேன். இனிமேல் இதெல்லாம் வேண்டாம் அத்தை என்றேன். மொட்டைக் கோபுரம் மாதிரி வீட்டிலேயே நிற்கச் சொல்கிறாயா என்றார்.

மற்றவை: படித்துறை மீன்கள் பற்றிய பந்தயத்தில் அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். ஆனால் அங்கே தண்ணீருக்குள் பழந்துணி மிதப்பது மனதுக்குச் சங்கடமாக இருந்தது. பரிகாரம் என்று உடுத்தியதை ஆற்றில் விட்டுப் போகிறார்கள், ஆறு யாரிடம் போய்ப் பரிகாரம் தேடும்? சாப்பாடு பத்திரமாக இருந்தது. கீழே விட்டுப்போன என் கணவரின் செருப்பில் ஒரு கால் மட்டும் குரங்கோடு போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்கினார்.

விகேபுரத்தான்
ஜனவரி 25, மாலை 5.20

அத்தை எந்தத் தெரு என்று கேளுங்கள். பானையை விட்டுவிட்டு அடி வாங்கிய பெண் ஒருத்தியைப் பற்றி எங்கள் பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரட்டைவால்
ஜனவரி 25, மாலை 5.45

சருகு போட்டுப் பார்த்தது நல்ல யோசனை. நான் ஒரு பக்கம் எழுதியதை அது ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கிறது.

கணக்கப்பிள்ளை
ஜனவரி 25, இரவு 8.30

எல்லாம் படித்தேன். எனக்கும் 61 ஆகிறது, இடது முழங்கால் அவ்வளவு சரியில்லை. சும்மா ஒரு தகவலுக்காகத்தான் கேட்கிறேன். மொத்தம் எத்தனை படி?

பாளையங்கோட்டைக்காரி
ஜனவரி 25, இரவு 8.50

எண்பது வரைக்கும் என் மகள் உத்தரவாதம். அதற்கு மேல் நீங்கள்தான் கணக்கப்பிள்ளை, போய் எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள்.